வேணிக்கு ஒரு செல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிமளாவின் செல்போன் அடித்தால் அது திருமுருகன்தான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அவனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. கூப்பிடுவது மகள் வேணியிடம் பேசுவதற்காக. ஆனால் போன் பரிமளாவுடையது, எடுக்கிறவளும் அவள்தான். அதனால் முதல் பேச்சு புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்தாக வேண்டியிருந்தது.

"வேணி இருக்காளா?"

"இருக்கா."

"குடு."

இதோடு நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. போன வாரம் ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்பான். வேலை இருந்தது என்பாள். அப்படி என்ன பெரிய வேலை என்பான். அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். தீபாவளிக்கு எடுத்த துணியிலிருந்து கல்யாணத்துக்கு வராமல்போன சித்தப்பா வரைக்கும் எல்லாம் வந்து போகும். கடைசியில் அவன் கோபத்தில் வைத்துவிடுவான், அல்லது இவள் வைத்துவிடுவாள். பேச வேண்டிய பிள்ளை கதவோரமாக நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கும். அப்புறம் பையைத் திறந்து ஏதாவது எழுத உட்கார்ந்துவிடும்.

அவர்கள் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிரிவு ஒரு வேலையில்தான் ஆரம்பித்தது. பரிமளாவுக்கு அவள் பிறந்த ஊரான வாலிகண்டபுரத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. உள்ளூரில் குடியிருந்தால்தான் அந்த வேலை. அரியலூரில் இருந்த திருமுருகன் அதை விட்டுவிட்டு வரச் சொன்னான். அவள் மாட்டேனென்றாள். லாரி அங்கே ஓடும்போது தான் மட்டும் இங்கே வந்து என்ன செய்வதென்று அவன் கேட்டான். உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசிய அன்றைக்கு, "அவளுக்கு சம்பளம் போதும், புருஷன் எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அவளும் விடாமல், "ஆமா, போதும்" என்றாள். சொன்ன இரண்டு பேருமே அதை மனசாரச் சொல்லவில்லை. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள யாருக்கும் வாய் வரவில்லை. வேணி அம்மாவோடு இருப்பது, மாதம் ஒருமுறை அப்பா வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

வேணி ஆறாம் வகுப்புக்குப் பெரம்பலூர் போனாள். காலையில் எட்டு மணி டவுன் பஸ், சாயந்திரம் ஐந்து மணி டவுன் பஸ். அந்த ஐப்பசியில் ஒரு நாள் மூன்று மணிக்கே வானம் கறுத்துப் பெய்யத் தொடங்கியது. பரிமளா இருந்த வாடகை வீட்டில் அடுப்படி ஜன்னல் கட்டையில் வைத்தால்தான் செல்லுக்கு டவர் கிடைக்கும். சாரல் அடிக்கிறதென்று போனை எடுத்து உள்ளே பெட்டியின் மேல் வைத்துவிட்டு, குடையோடு மெயின் ரோட்டுக்குப் போய் நின்றாள். ஐந்து மணி பஸ் வரவில்லை. ஐந்தரைக்கும் இல்லை. திருச்சி பக்கமிருந்து வந்த வெளியூர் பஸ்கள் எல்லாம் தண்ணீரை வாரி அடித்துவிட்டு நிற்காமல் போயின. ஆறே முக்காலுக்கு வந்த பஸ்ஸிலிருந்து வேணி தொப்பலாக நனைந்து இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டிவிட்டு, போனைக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்த மறு நிமிஷம் அது அடித்தது.

"செத்தா போயிட்ட?" என்று கத்தினான் திருமுருகன். "எத்தன தடவ போடுறது? புள்ள பஸ் ஸ்டாண்டு காயின் போன்லேருந்து என்னக் கூப்புட்டு அழுவுது. ஒனக்குப் போட்டாளாம், போவலியாம். நான் குவாரில கல்லு ஏத்திக்கிட்டு நிக்கிறேன். எறக்கி விட்டுட்டு ஓடியாற முடியுமா?"

"வந்துட்டா. நல்லாருக்கா."

"இப்ப வந்துட்டா. வராட்டி?"

அந்தக் கேள்வியைத்தான் அவளும் ரோட்டில் நின்று ஒன்றே முக்கால் மணி நேரம் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்தாலும், "நீங்க பக்கத்துல இருந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல" என்றாள்.

"அவளுக்கு நான் ஒரு செல் வாங்கித் தரேன்."

"பதினோரு வயசுப் புள்ளைக்கா?"

"ஒன்னக் கேட்டுக்கிட்டு வாங்கணும்னு எனக்கு ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டான்.

பரிமளா நாலைந்து நாள் யோசித்தாள். ஊரில் பெரியவர்களிலேயே பாதிப் பேரிடம் செல் கிடையாது. பிள்ளை கையில் செல்லைப் பார்த்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். யார் யாரோ நம்பர் கேட்பார்கள். படிப்பு கெடும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மழைச் சாயந்திரம். அதற்கும் அடியில், யாரிடமும் சொல்ல முடியாத நினைப்பு ஒன்றும் இருந்தது. பிள்ளைக்கென்று தனியாக ஒரு போன் வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவன் குரலைக் கேட்க வேண்டியதில்லை.

பெரம்பலூர் போய் வேணியின் வகுப்பு டீச்சரைப் பார்த்தாள். காலையில் வந்ததும் அணைத்துத் தன்னிடம் கொடுத்துவிட்டு, விடும்போது வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் சரி என்றார் டீச்சர். அடுத்த ஞாயிறு திருமுருகன் கூப்பிட்டபோது பரிமளா முந்திக்கொண்டாள்.

"செல்லு வாங்குறதுன்னா வாங்குங்க. நீங்க பாட்டுக்கு ஒண்ண வாங்கிட்டு வந்து நீட்டக் கூடாது. நானும் வருவேன். புள்ளையும் வரும்."

"சனிக்கிழம லீவு போட்டுட்டு வரேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுல பதினோரு மணிக்கு நிக்கிறேன்" என்றான்.

அமிர்தலிங்கத்தின் செல் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் செட்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. மூன்று பேரையும் ஒரு குடும்பமாகவே பார்த்தார். வேறு எப்படிப் பார்க்க முடியும்?

"வாங்க சார், வாங்கம்மா. யாருக்குப் பாக்குறீங்க?"

"பாப்பாவுக்கு" என்றான் திருமுருகன். கண்ணாடிக்குக் கீழே பளபளவென்று இருந்த ஒன்றைக் காட்டினான். "இது என்னண்ணே, கேமராவா?"

"ஆமா சார். கலர் டிஸ்ப்ளே, எஃப்எம் எல்லாம் இருக்கு. பாட்டுகூட ஏத்திக்கலாம்." அவர் அதை எடுத்து வேணியின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பரிமளா கணவனைப் பார்க்காமல் கடைக்காரரிடம் சொன்னாள்: "அண்ணே, அது வேணாம். பேசுறதுக்கு மட்டும் உள்ளதாக் காட்டுங்க."

"காசு நான் குடுக்குறேன்னு சொல்லுங்க" என்றான் திருமுருகன். அவனும் கடைக்காரரிடம்தான் சொன்னான்.

"காசுக்காகச் சொல்லல. பஸ்ல கூட்டத்துல போற புள்ள. இத வெச்சிருந்தா பாக்குறவன் கண்ணெல்லாம் செல்லு மேலதான் இருக்கும். புடுங்கிட்டு ஓடுனா, போனது செல்லா புள்ளையா? யாரு பதறுறது?"

அமிர்தலிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேணி அந்த கேமரா செட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே கண்ணாடி மேல் வைத்தாள்.

"அப்ப செகண்ட்ஸ்ல ஒண்ணு பாக்குறீங்களா? பாதி வெலதான்" என்றார் அமிர்தலிங்கம்.

பரிமளாவுக்கு அதில் மனம் போயிற்று. ஆனால் இப்போது திருமுருகன் தலையசைத்தான். "வேணாம்ணே. பழைய வண்டி ஓட்டிப் பட்டது போதும். பாக்க நல்லாருக்கும், பேட்டரி மத்தியானமே படுத்துரும். சாயந்திரம் மழையில நிக்கிறப்பதான அதுக்கு வேலையே?"

அது சரியாகத்தான் இருந்தது.

"தூசி உள்ள போவாம பட்டன் எல்லாம் ஒரே ரப்பரா இருக்குமே, டார்ச் லைட்டோட, அதக் காட்டுங்க" என்றான் அவன். "நான் வெச்சிருக்கிறதும் அதான். கல்லுக்குழித் தூசியில ரெண்டு வருஷமாக் கெடக்குது." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விட்டான். அது மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கமாகச் சிதறியது. கடைக்காரர் "அய்யோ சார்" என்றார். திருமுருகன் குனிந்து மூன்றையும் பொறுக்கி, ஒன்றாகச் சேர்த்து அமுக்கினான். அது டிங் என்று உயிர் வந்து எரிந்தது.

வேணி வாய்விட்டுச் சிரித்தாள். பரிமளாவுக்கும் சிரிப்பு வந்தது. தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் இப்படித்தான், எவர்சில்வர் கடையில் குடத்தைத் தட்டிப் பார்த்துக் கடைக்காரனைக் கலங்கடித்தவன்.

செட் முடிவாயிற்று. அடுத்தது சிம். இதற்குப் பரிமளா தயாராக வந்திருந்தாள். தெருவில் செல் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டு, எந்தக் கம்பெனி எந்த வீட்டில் எடுக்கிறது, பஸ் நிறுத்தத்தில் எது எடுக்கிறது என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். தன்னுடைய கம்பெனி வேண்டாமென்று தானே சொன்னாள். அவள் பெயர் சொன்ன கம்பெனியைக் கேட்டு அமிர்தலிங்கம், "வாலிகண்டபுரத்துக்கு அதாம்மா கரெக்ட்டு. நானே அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். திருமுருகன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் இவ்வளவு மெனக்கெட்டிருப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

"மாசா மாசம் கார்டு போட வேணாம்மா. லைஃப் டைம் எடுத்துக்குங்க. நீங்க டாப்-அப் போட்டாலும் போடாட்டியும் கூப்புடுறது வந்துக்கிட்டே இருக்கும். ஆயுசுக்கும் கட்டாவாது."

ஆயுசுக்கும் என்றதும் இரண்டு பேரும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார்கள். "அதையே குடுங்க" என்றாள் பரிமளா கடைசியில்.

"ஒரு போட்டோ, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேணும்."

பரிமளா பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்தாள். எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அமிர்தலிங்கம் கார்டைத் திறந்தார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஒட்டியிருந்த படத்தையும் எதிரில் நின்றவனையும் பார்த்தார்.

"சார் படமே இருக்கே! அப்ப சார் பேருலயே போட்ருவோம். வூட்டு அட்ரஸ் இதுதான?"

வேலைக்காகக் கார்டை வாலிகண்டபுரத்துக்கு மாற்றியபோதும் தலைவர் பெயர் அப்படியே வந்திருந்தது. அதை நீக்க வேண்டுமென்று பரிமளா இரண்டு தடவை மனுகூட எழுதினாள். தாலுகா ஆபீஸுக்குக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று அவளைக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் கணக்கெடுப்பு வந்துவிட்டது என்பாள். திருமுருகன் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது இன்னும் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

"ம், அதான்" என்றான்.

விண்ணப்பத்தில் வாலிகண்டபுரம், வடக்குத் தெரு என்று அவன் கையாலேயே எழுதினான். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்.

சிம்மைப் போட்டு, பூட்டைத் திறக்க, மூட எல்லாம் வேணிக்குச் சொல்லிக்கொடுத்த அமிர்தலிங்கம், "ஸ்பீட் டயல்னு ஒண்ணு இருக்கு பாப்பா" என்றார். "ரெண்டாம் நம்பர அமுக்கிப் புடிச்சா ஒருத்தருக்குப் போவும். மூணுன்னா இன்னொருத்தருக்கு. ரெண்டுல அம்மாவப் போடவா, அப்பாவப் போடவா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். வேணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுவும் போட வேணாம். எனக்கு ரெண்டு நம்பரும் மனப்பாடம்" என்றாள்.

அரியலூர் பஸ் முதலில் கிளம்பியது. திருமுருகன் படியில் நின்றுகொண்டு வேணிக்குக் கையசைத்தான். பரிமளாவிடம், "சார்ஜ மட்டும் பாத்துக்கச் சொல்லு" என்றான். அன்றைக்கு அவளை நேராகப் பார்த்து அவன் பேசியது அது ஒன்றுதான்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் வேணி கேட்டாள்: "இனிமே அப்பா ஒனக்குப் போன் பண்ண மாட்டாரா?"

"எனக்கு எதுக்குப் பண்ணணும்? அதான் ஒனக்குத் தனியா வந்துருச்சே" என்றாள் பரிமளா. அதைச் சொல்லும்போது தலையிலிருந்து ஒரு கூடை இறங்கினாற்போல இருந்தது அவளுக்கு. மகள் முகத்தை அவள் பார்க்கவில்லை.

முதல் மூன்று வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. பள்ளி விட்டதும் வேணி ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். பஸ் ஏறியாயிற்று என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் அடிக்கும். கொல்லைப் பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். பரிமளா என்னவென்று கேட்பதில்லை. வீட்டில் சண்டை இல்லை. ஞாயிறு காலை நிம்மதியாக இட்லிக்கு அரைக்க முடிந்தது. ஆனாலும் பத்து மணி நெருங்கும்போது கை தானாக ஈரத்தைத் துடைத்துக்கொண்டது. அந்த வழக்கம் போக நாளாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாவது வாரம், ஞாயிறு காலை, பரிமளாவின் போன் அடித்தது.

"வேணி போன் ஆஃப்ல இருக்கு" என்றான் திருமுருகன். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. சார்ஜ் போட மறந்திருப்பா."

"சார்ஜப் பாத்துக்கச் சொன்னேன்ல?"

"நான் வேலைக்குப் போறவ. செல்லுக்குக் காவலா ஒக்காந்திருக்க முடியும்?"

அதற்குமேல் பேச்சு நீளவில்லை. வேணியைக் கேட்டாள். ராத்திரி கரண்ட் இல்லை என்றாள் வேணி. அடுத்த ஞாயிறும் அதேதான். இந்த முறை, மறந்துவிட்டேன் என்றாள். ஆனால் வார நாட்களில் சாயந்திர மிஸ்டு கால் ஒருநாள்கூடத் தவறவில்லை. சார்ஜ் தீருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா என்று பரிமளாவுக்கு உறுத்தியது.

ஆறாவது ஞாயிறு, பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கொடியில் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனாள். வேணி துவைக்கிற கல்லில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். போனின் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, பேட்டரியைக் கழற்றி, பாவாடை முடிச்சில் வைத்து இறுக்கினாள். மூடியைத் திரும்பப் போட்டுப் போனைக் கல்லின் மேல் வைத்தாள்.

பரிமளா சத்தம் போடாமல் உள்ளே வந்தாள். பத்து மணிக்கு அடுப்படி ஜன்னலில் போன் அடித்தது. சொல்லிவைத்தாற்போல வேணி உள்ளே வந்து, தண்ணீர் மொண்டு குடிப்பதுபோல நின்றுகொண்டாள். அப்பாவிடம் பேசத் தவிக்கிற முகமாகவும் அது இல்லை, தப்பிக்கிற முகமாகவும் இல்லை. என்ன பேசப்போகிறார்கள் என்று கேட்க வந்த முகம்.

"ஒரு பத்து நிமிஷம் கழிச்சு அவளுக்கே பண்ணுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் பரிமளா.

"பேட்டரிய எடு" என்றாள் மகளிடம்.

வேணி முடிச்சை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். அழவில்லை.

"அப்பாகிட்டப் பேசப் புடிக்கலையா?"

"புடிக்கும்."

"அப்புறம் ஏன்டி?"

"எனக்குப் பண்ணுனா ஒனக்குப் பண்ண மாட்டாரு."

பரிமளாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. "நாங்க பேசுனா சண்டதான வருது? அது ஒனக்கு நல்லாருக்கா?"

"நல்லால்ல." வேணி சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "ஆனா அப்பெல்லாம் நான் ஒண்ணும் சொல்ல வேணாம். நீயே சொல்லிருவ, எனக்குக் காச்சல் அடிச்சது, ரேங்க் வாங்குனது எல்லாம். சண்டையோட சண்டையா சொல்லிருவ. இப்ப எல்லாத்தையும் ஒங்கிட்ட ஒரு தடவ, அவருகிட்ட ஒரு தடவ, ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருக்கு. நீ எப்புடி இருக்கன்னு அவரு கேக்க மாட்டேங்கிறாரு. அவரு எப்புடி இருக்காருன்னு நீயும் கேக்க மாட்டேங்குற. கேக்காததையும் நாந்தான் நெனைச்சுக்கிட்டே இருக்கணும்."

பரிமளா அடுப்பைத் தணித்தாள். டார்ச் லைட்டை யோசித்திருந்தாள். ரப்பர் பட்டனை, டவரை, திருடனை, டீச்சரை, ஊர் வாயை, எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். இதை யோசிக்கவில்லை. செல் வாங்கியது மழைக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. மறு பாதியைப் பதினோரு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் லேசாகியிருந்தாள்.

பேட்டரியைப் போட்டு வேணியிடம் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் திருமுருகன் கூப்பிட்டான், வேணி பேசினாள்.

அன்று மத்தியானம் வேணி பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போன பிறகு, பரிமளா ஜன்னலருகே நின்று திருமுருகனின் எண்ணை அழுத்தினாள். இரண்டு வருஷத்தில் அவளாக அவனைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"வேணிக்கு என்ன?" என்றான் எடுத்தவுடனே.

"வேணிக்கு ஒண்ணுமில்ல. ஒங்ககிட்டதான் பேசணும்."

பிள்ளை சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் பக்கம் ஏதோ டீக்கடைச் சத்தம் கேட்டது. முடித்த பிறகும் அந்தச் சத்தம்தான் கேட்டது. கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"இருக்கேன்" என்றான். பிறகு மெதுவாக, "உண்மையச் சொல்லணும்னா, நான் செல்லு வாங்குனதே ஒங்கிட்டப் பேச வேணாம்னுதான்" என்றான்.

"நானும் அதுக்குத்தான் சரின்னேன்."

இப்படி ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

"என்ன பண்ணலாம்? நீ சொல்லு" என்றான் அவன்.

"ஞாயித்துக்கெழம மொதல்ல எனக்குப் பண்ணுங்க. வேணி விஷயம் மட்டும் பேசுவோம். பழசு வேணாம். யாரு பழச எடுத்தாலும் மத்தவங்க வெச்சிரணும். கோவிச்சுக்கக் கூடாது."

"மொதல்ல எடுக்கறது நீயாத்தான் இருப்ப."

"பாப்போம்" என்றாள். அதில் கோபம் இல்லாதது அவளுக்கே வியப்பாக இருந்தது.

சாயந்திரம் வேணியை உட்காரவைத்துச் சொன்னாள். வேணி முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க சேந்துருவீங்களா?" என்றாள்.

ஆமென்று சொல்லிவிட்டால் பிள்ளை முகம் மலர்ந்துவிடும். பரிமளா சொல்லவில்லை. "தெரியல வேணி. இப்போதைக்கு இல்ல. ஆனா ஒன் விஷயத்த இனிமே நாங்களே பேசிக்குவோம். நீ தூக்கிக்கிட்டு அலைய வேணாம்."

வேணி எழுந்து போய்விட்டாள். மறுநாள் வரை அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. தலை பின்னிக்கொள்ளும்போதுகூட முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள். பரிமளா அதைப் பொறுத்துக்கொண்டாள். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது.

சொன்னபடி எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. முதல் ஞாயிறு இரண்டே நிமிஷத்தில் திருமுருகன் சித்தப்பா பேச்சை எடுக்க, பரிமளா வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அவன் வைத்தான். மூன்றாவது வாரம் இருவருமே ஜாக்கிரதையாகப் பேசி, பேச ஒன்றுமில்லாமல் திணறினார்கள். மார்கழியில் ஒரு வாரம், அவனுக்கு முதுகுவலி என்று வேணி முன்பே சொல்லியிருந்ததால், "லாரில சீட்டுக்கு மேல எதையாவது மடிச்சுப் போட்டுக்க வேண்டியதுதான" என்று பரிமளா கேட்டாள். அவன், "போட்ருக்கேன்" என்றான்.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்ததும் டீச்சர் பரிமளாவைக் கூப்பிட்டனுப்பினார். போர்டில் எழுதிப்போட்டது வேணியின் கண்ணுக்குத் தெரிவதில்லை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள், கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அந்த ஞாயிறு திருமுருகன் கூப்பிட்டதும் பரிமளா இதைத்தான் சொன்னாள்.

"எங்க அம்மாவுக்கும் சின்னதுலயே கண்ணாடிதான்" என்றான் அவன். "எங்கூட்டுக் கண்ணு."

"ஒங்கூட்டு மூக்கும்தான். கண்ணாடி நிக்குமான்னு பாக்கணும்."

அவன் சிரித்தான். திருச்சிக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். அவனுக்கு வியாழக்கிழமை லோடு இல்லை. அவளுக்கு அன்று பள்ளியில் ஆய்வு. வெள்ளிக்கிழமை என்றால் வேணிக்குப் பரீட்சை. கடைசியில் அடுத்த சனிக்கிழமை, காலை ஏழு மணி பஸ் என்று ஆயிற்று. அவன் அரியலூரிலிருந்து நேராகத் திருச்சி வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பான்.

"பழைய ரிப்போர்ட்டு எதாவது இருந்தா எடுத்துக்கிட்டு வா" என்றான்.

"இருக்கு. மொதல் டேர்ம்ல ஸ்கூல்லயே கண்ணு பாத்தாங்க, அந்தச் சீட்டு இருக்கு."

"சரி."

"சரி. அவளுக்குப் பண்ணுங்க, காத்துக்கிட்டிருப்பா."

வைத்த பிறகுதான் மணியைப் பார்த்தாள். பதினேழு நிமிஷம் பேசியிருந்தார்கள். கொல்லைப் பக்கம் வேணியின் போன் அடித்தது. "அப்பா, திருச்சியில கண்ணாடி வாங்கிட்டு எங்க போலாம்?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. யாரும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பரிமளா அலமாரியைத் திறந்து, அந்தக் கண் சோதனைச் சீட்டைத் தேட ஆரம்பித்தாள்.